லயத்துக் குருவியும் ஓடைக் குருவியும்

பெரட்டுக்கு ஆள் கூடுமுன்பே ஊவாத் தோட்டங்களில் வேலையைத் தொடங்கிவிடுகிற பறவை குண்டுக்கரிச்சான். சிங்களத்தில் பொல்கிச்சா. லயத்துக் கூரையின் முகடு, ஸ்டோர் பக்கத்து மின்கம்பி, தேயிலைக்கு நிழல் தரும் மரத்தின் உச்சிக்கிளை என்று எது கிடைத்தாலும் அதில் ஏறி நின்று, வாலை வெடுக்கென்று நிமிர்த்திப் பாடும். கறுப்பும் வெள்ளையுமாக, கறுப்பில் கொஞ்சம் நீல மினுக்கத்தோடு, ஏறத்தாழ 19 சென்ரிமீற்றர் நீளம். பதுளை நகரத்து வீட்டுத் தோட்டங்களிலும் இருக்கும், பசறை, லுணுகலைப் பக்கத்து லயங்களிலும் இருக்கும். பெயர் தெரியாதவர்களுக்கும் இதன் குரல் பழக்கம்.

இதே மாகாணத்தின் மேற்கு விளிம்பில், ஓஹியவுக்கு மேலே ஹோட்டன் சமவெளியை ஒட்டிய காட்டோடைகளில் இதற்குப் பங்காளி முறையில் ஒரு பறவை வாழ்கிறது. மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பெரும்பாலானவர்கள் அதைக் கண்டதில்லை. பறவை பார்ப்பவர்கள் அரெங்கா என்பார்கள், சிங்களத்தில் அரங்கயா. சீழ்க்கையடிக்கும் பறவைகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. இமயமலையிலிருந்து ஜாவா வரை பரவிக் கிடக்கும் அந்தக் கூட்டத்தில் இலங்கைக்கு வாய்த்தது இது ஒன்றுதான், இலங்கைக்கு வெளியே இது எங்கும் இல்லை. நீளம் 20 சென்ரிமீற்றர் அளவு. ஆண் கருநீலமும் கருங்கபிலமுமாக இருக்கும், தோளில் மட்டும் பளிச்சென்று ஒரு நீலத் திட்டு. பெண் கபில நிறம், அந்த நீலம் அதற்கு மங்கிப் போயிருக்கும்.

இரண்டையும் முன்பு திரஷ் குடும்பத்தில் சேர்த்து வைத்திருந்தார்கள். பின்னால் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டுமே ஈப்பிடிப்பான் குடும்பத்துக்காரர்கள் என்று தெரிய வந்தது. வீடு மாறியபோதும் சேர்ந்தே மாறியிருக்கிறார்கள். பருமனில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுக்கும் பூச்சியும் புழுவுமே முக்கியச் சாப்பாடு. விடிகாலையும் அந்தி மங்கலும் இரண்டுக்குமே சுறுசுறுப்பான நேரம். ஆனால் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ஒன்று கவலை குறைந்த இனம், மற்றது அழியும் ஆபத்திலுள்ள இனம். இலங்கையின் தேசியச் சிவப்புப் பட்டியலும் அரெங்காவை ஆபத்து வரிசையிலேயே வைத்திருக்கிறது. ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டால், பறவையின் உடம்பைவிட மலையின் வரலாறுதான் அதிகம் பதில் சொல்கிறது.

முதலில் உடம்பைப் பார்த்துவிடலாம். பாடும் பறவைகளுக்குத் தொண்டையில் அல்ல, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து நுரையீரலுக்குப் போகும் கவட்டில்தான் குரல்பெட்டி. இடது கிளைக்கு ஒன்று வலது கிளைக்கு ஒன்று என இரண்டு அதிர்வுச் சவ்வுகளைத் தனித்தனியாக இயக்க முடிவதால் ஒரே நேரத்தில் இரண்டு சுரங்கள் வருகின்றன. பாட்டும் பிறவியிலேயே முழுசாக வந்துவிடுவதில்லை. குஞ்சு பெரியவர்களின் பாட்டைக் கேட்டு, முனகிப் பார்த்து, பிசகித் திருத்தி அதைக் கற்றுக்கொள்கிறது. குண்டுக்கரிச்சான் இந்தக் கல்வியில் கரை கண்டது. தன் பாட்டுக்கு நடுவே மற்றப் பறவைகளின் குரலையும் எடுத்து விடும். திறந்த வெளியில், உயர்ந்த கிளையில் நின்று, நீளமாக, ஏற்ற இறக்கத்தோடு பாடுகிற வசதி அதற்கு உண்டு.

அரெங்காவின் நிலைமை வேறு. அது வாழும் இடத்தில் இரவும் பகலும் தண்ணீர் பாறையில் விழுந்து இரைகிறது. அந்த இரைச்சலின் சக்தி பெரும்பாலும் கனத்த, தாழ்ந்த ஒலியில்தான் குவிந்திருக்கும், சுருதி ஏற ஏற அது மெலிந்துவிடும். அந்த மெலிந்த இடத்தைப் பார்த்துக் கூரிய, மெல்லிய சீழ்க்கையை நுழைத்தால் அது மட்டும் இரைச்சலுக்கு மேலே தெரியும். இமயமலை ஆற்றோரப் பறவைகள் பலவற்றின் குரலும் இந்த வழியில் போவதைப் பார்க்கலாம். அரெங்காவின் "ஸ்ரீ... ஸ்ரீ..." என்ற ஊசிச் சத்தமும் அதே ரகம். தென்னிந்திய மேற்கு மலைத்தொடரில் வாழும் அதன் உறவுக்காரர் மனுசன் விசிலடிப்பது போல நிதானமாக, சுகமாகப் பாடுவதற்குப் பேர் போனவர். அந்தச் சுகத்தை எதிர்பார்த்துப் போகிறவருக்கு நம் அரெங்கா ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். எனக்கு அந்த ஊசிச் சத்தம்தான் பிடிக்கும்.

தோளில் உள்ள நீலத்தையும் சொல்ல வேண்டும். அது சாயம் அல்ல. இறகின் நுண்ணிய கட்டமைப்பு வெளிச்சத்தைச் சிதறடிக்கிற விதத்தில் நீலம் தெரிகிறது. வெளிச்சம் படாத கோணத்தில் பறவை முழுவதும் கறுப்பு. மரநிழல் மூடிய பள்ளத்தில், ஈரப் பாறை மேல் அசையாமல் நின்றால் பாறையோடு பாறையாகிவிடும். பிறகு இரண்டு தத்தல் தத்தி, நனைந்த இலையைப் புரட்டி, புழுவையோ சின்னத் தவளையையோ பல்லியையோ இழுத்தெடுக்கும். கூடும் அங்கேயே. அருவியோரப் பாறை இடுக்கிலோ மரக்கவட்டிலோ பாசியையும் பன்ன வேரையும் சேர்த்து ஒரு கிண்ணம், அதில் ஒரு முட்டை, மிஞ்சினால் இரண்டு.

குண்டுக்கரிச்சானுக்கு மரப்பொந்து போதும். மரப்பொந்து இல்லாவிட்டால் சுவர் ஓட்டை. லயத்தின் உடைந்த சுவர், பழைய குழாயின் வாய், இறப்புக்குக் கீழே பலகை விலகிய இடம், எல்லாமே அதற்கு வீடு. ஒரு ஈட்டுக்கு நாலைந்து முட்டைகூட இடும். இலங்கைக் குண்டுக்கரிச்சானில் ஒரு விசேஷம் உண்டு. வட இந்தியாவில் பெண் பறவை வெளிறிய சாம்பல் நிறம். இங்கே பெண்ணும் கிட்டத்தட்ட ஆணைப்போலவே கறுத்திருக்கும், நிதானித்துப் பார்த்தால்தான் பிரித்தறியலாம்.

இனி மலையின் கதை. அரெங்காவின் விஞ்ஞானப் பெயரின் பின்பாதி பிளைஐ. ஹப்புத்தளையில் கோப்பித் தோட்டம் பார்த்த சாமுவேல் பிளை என்ற துரையின் பெயர் அது. பறவைகளைச் சேகரிப்பதும் அவற்றின் பழக்கங்களைக் குறித்து வைப்பதும் அவருக்குப் பிடித்த வேலை. 1872 இல் ஹோல்ட்ஸ்வர்த் என்ற ஆங்கிலேயர் இந்தப் பறவையை விஞ்ஞான உலகுக்கு அறிமுகம் செய்தபோது பிளையின் பெயரைச் சூட்டினார். சில வருடங்களில் லெக் எழுதிய இலங்கைப் பறவைகளின் பெரிய வரலாற்று நூலிலும் பிளையின் குறிப்புகள் இருக்கின்றன. ஆக, காட்டை வெட்டிக் கோப்பி வைத்த துரைமாரில் ஒருவரின் பெயரைத்தான், அந்தக் காடு இல்லாமல் வாழத் தெரியாத பறவை இன்றுவரை சுமக்கிறது. பிளை மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் கவனித்திருக்கிறார். அவரைப் போன்ற மற்றவர்கள் அதுகூடச் செய்யவில்லை.

அந்தக் காலத்தில் காடு வெட்டிய முறையே ஒரு தனிக் கதை. சரிவின் அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மரத்தையும் பாதி மட்டும் வெட்டி நிறுத்திக்கொண்டே மேலே போவார்கள். உச்சிக்கு வந்ததும் மேல் வரிசை மரங்களை முழுசாக வெட்டிச் சாய்ப்பார்கள். அவை கீழ் வரிசை மேல் விழ, அது அதற்குக் கீழே உள்ளதன் மேல் விழ, ஒரு மலைச்சரிவுக் காடே ஒரே இடியில் மடியும். காய்ந்ததும் நெருப்பு. வெள்ளாமை துரைக்கு, கோடரியும் கங்காணியின் ஏச்சும் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த நம் ஆட்களுக்கும் கிராமத்துச் சிங்களவர்களுக்கும். இப்படிச் சாய்ந்த காட்டில் ஓடைப் பள்ளங்களின் மரமும் சேர்ந்துதான் போனது.

1869 இல் மடூல்சீமைப் பக்கம் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி ஒட்டிய நோய் கண்டார்கள். உலகக் கோப்பி வரலாற்றையே திருப்பிய இலைத்துரு நோய் அது. பத்துப் பதினைந்து வருடத்தில் கோப்பி படுத்துவிட்டது. ஆனால் வெட்டிய காடு திரும்பவில்லை, அந்த இடத்தில் தேயிலை ஏறியது. கோப்பியைவிட உயரத்திலும் குளிரிலும் தேயிலை தாங்கும் என்பதால் இன்னும் மேலே கோடரி போக வழி பிறந்தது.

அதைப் பாதியில் நிறுத்தியது ஒரு கடதாசி. லண்டன் கியூ பூங்காவின் பணிப்பாளர் ஜோசஃப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலே உள்ள மலைக்காட்டைத் தொடாதீர்கள், தண்ணீர் போய்விடும் என்று ஆலோசனை சொன்னார். 1873 இல் அது நிர்வாக உத்தரவாயிற்று. அரெங்காவுக்குப் பெயர் வைத்ததற்கு அடுத்த வருடம் அது. அந்தப் பறவையை மனதில் வைத்து யாரும் கையெழுத்துப் போடவில்லை, ஆனாலும் அதற்கு இன்று மிஞ்சியிருக்கும் வீடு பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு மேலேதான். உத்தரவை மீறியும் தோட்டங்கள் ஏறின, அது வேறு கதை. ஹோட்டன் சமவெளி 1988 இல் தேசியப் பூங்காவானது. 2010 இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபோது அதுவும் உள்ளே வந்தது. வெலிமடைப் பாதையில் போகும்போது மாகாண எல்லைக்கு அந்தப் பக்கம் தெரிகிற ஹக்கல காடும் இந்த மிச்சத்தின் ஒரு துண்டு.

கோட்டுக்குக் கீழே என்ன ஆயிற்று? அரெங்கா ஏறத்தாழ 900 மீற்றருக்கு மேலே எங்கும் வாழக்கூடிய பறவை. 5,000 அடி என்பது 1,524 மீற்றர். நடுவில் உள்ள பட்டைதான் பண்டாரவளை, எல்ல, ஹப்புத்தளைச் சரிவு, நமுனுகுலையின் இடுப்பு, மொத்தத்தில் நாம் ஊவாத் தோட்டங்கள் என்று சொல்லும் பூமி. அந்தப் பட்டையை அரெங்கா இழந்தது, குண்டுக்கரிச்சான் எடுத்துக்கொண்டது. அடர்காட்டுக்குள் அதற்கு வேலை இல்லை. வெளியும் மரமும் கலந்த இடம், குட்டைப் புல், பாடுவதற்கு உச்சிக்கிளை, கூடு வைக்க ஓட்டை, இவ்வளவுதான் அது கேட்பது. லயம், வீட்டுத் தோட்டம், கோயில் முற்றம், வாழைக்கொல்லை என்று மனிதன் அமைத்ததெல்லாம் அதற்குப் பொருந்திப் போயின.

ஊவாவுக்கு இன்னொரு குணமும் உண்டு. தென்மேல் பருவமழையை மேற்குச் சுவரான மலைத்தொடர் தடுத்துவிடும், ஆடி ஆவணியில் இந்தப் பக்கம் காய்ந்த கச்சான் காற்றுதான் வீசும். தேயிலைக் கொழுந்து வாடி வதங்குகிற அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலையின் பேர்போன வாசனை பிறக்கிறது. ஏலத்தில் விலை ஏறுகிற அதே மாதங்களில் மலை ஓடைகள் நூலாகிவிடும். இயல்பாகவே பத்தனைப் புல்வெளி அதிகமுள்ள காய்ந்த பக்கம் இது. ஈரப் பள்ளத்தை நம்பிய பறவைக்கு இங்கே ஏற்கெனவே இடம் குறைவு. இருந்த பள்ளங்களின் மரத்தையும் எடுத்துவிட்டால் மிச்சமென்ன.

சிவப்புப் பட்டியல் எப்படி முடிவெடுக்கிறது என்பதில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. பறவைகளை எண்ணி, குறைவாக இருந்தால் ஆபத்து என்று எழுதுகிறார்கள் என நினைக்கிறோம். எண்ணிக்கை ஒரு வழி மட்டுமே. ஓர் இனம் பரந்திருக்கும் மொத்த எல்லை 5,000 சதுர கிலோமீற்றருக்குக் குறைவாகி, அந்த எல்லைக்குள்ளும் வாழிடம் துண்டு துண்டாகி, அதன் பரப்போ தரமோ தொடர்ந்து தேய்ந்துகொண்டும் இருந்தால் அது ஆபத்து வகைக்குள் வந்துவிடும். அரெங்கா அந்த வாசலால்தான் உள்ளே போனது. ஓஹியப் பக்கத்து ஓடைக்கும் நக்கிள்ஸ் மலை ஓடைக்கும் நடுவே அதனால் தாண்ட முடியாத தேயிலைக் கடல். ஒரு துண்டில் கூட்டம் அற்றுப் போனால் மற்றத் துண்டிலிருந்து வந்து நிரப்ப ஆளில்லை. ஒன்றிரண்டு முட்டையிடும் பறவையால் விட்டதை வேகமாகப் பிடிக்கவும் முடியாது.

கவலை குறைந்த இனம் என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிடக்கூடாது. அது உலகம் முழுக்கச் சேர்த்துப் போட்ட மதிப்பெண். பாகிஸ்தானிலிருந்து சீனா, இந்தோனேசியா வரை குண்டுக்கரிச்சான் உண்டு, பங்களாதேஷுக்கு அதுதான் தேசியப் பறவை. இவ்வளவு இடத்தில் இருப்பது சராசரியைத் தூக்கிக் காட்டும். ஆனால் சிங்கப்பூரில், ஒரு காலத்தில் தோட்டம் தோறும் பாடிய பறவை, கூண்டுக்காகப் பிடித்தும் மைனாக்களோடு போட்டி போட முடியாமலும் 1970களில் அற்றுப் போகும் நிலைக்கு வந்தது. இந்தோனேசியாவில் கூண்டுப் பறவைகளைப் பாடவிட்டுப் பரிசு கொடுக்கும் போட்டிகள் பெரிய வியாபாரம், அங்கே ஜாவாவின் கிராமங்களில் காட்டுக் குண்டுக்கரிச்சானைத் தேட வேண்டியிருக்கிறது. நல்ல குரல்தான் அங்கே அதற்கு எமன்.

இன்னும் நெருங்கிய உதாரணம் சீஷெல்ஸ் தீவுகளில். அங்கே குண்டுக்கரிச்சானின் உடன்பிறப்பு இனம் ஒன்று இருக்கிறது. மனிதர் கொண்டுவந்த பூனையும் எலியும் அதைத் தீவு தீவாகத் துடைத்து, 1965 அளவில் ஃப்ரிகேற் என்ற ஒரே தீவில் ஒரு டசினுக்குச் சற்று மேலாக மட்டும் மிச்சம் வைத்தன. பூனையை அகற்றி, கூட்டுப்பெட்டி வைத்து, தீனி போட்டு, வேறு தீவுகளுக்கும் கொண்டுபோய் விட்டு அதை மீட்டார்கள். மிகக் கடுமையான ஆபத்து வகையிலிருந்து 2005 இல் ஒரு படி இறக்கினார்கள், இன்றும் அது ஆபத்து வகையில்தான். லயத்துச் சுவரில் கூடு வைக்கிற குருவியின் சொந்த இரத்தத்துக்கே இந்தக் கதி வந்திருக்கிறது. இலங்கையில் பறவை பிடித்துக் கூண்டில் வைப்பதை 1937 ஆம் ஆண்டுத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் தடுக்கிறது. கூண்டுக்குருவி மோகம் இங்கே பெரிதாக வேரூன்றாதது நம் அதிர்ஷ்டமும்தான்.

இப்போது அரெங்காவுக்கு என்ன ஆபத்து என்று கேட்டால் உடனே விறகு பொறுக்கும் தோட்டத்துப் பெண்களைக் கை காட்டுவார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. தலைச்சுமை விறகு காட்டின் ஓரத்தைச் சிராய்க்கலாம், ஆனால் மலையை மொட்டையாக்கிய கணக்கு அலுவலகங்களில் போடப்பட்டது. பத்தனையிலும் சரிவிலும் பைனும் யூக்கலிப்டஸும் வரிசை வரிசையாக நட்டதும் அலுவலக முடிவுதான். அந்த மரங்களுக்குக் கீழே செடிகொடி அடர்ந்து வளர்வதில்லை, ஈர இலைக்குப்பையும் புழுவும் இல்லாத நிலத்தில் அரெங்காவுக்கு வேலையில்லை. ஹோட்டன் சமவெளியில், குறிப்பாகத் தொட்டுபொல மலையில், கீன மரங்கள் நின்ற நிலையிலேயே காய்ந்து சாகின்றன, இதன் காரணம் பற்றி ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். பூங்காவுக்கு வருகிறவர்கள் வீசுகிற சோற்றுப் பார்சலுக்குக் காகம் வருகிறது, வந்த காகம் சோற்றோடு நின்றுவிடுவதில்லை.

பெரிய விஷயம் தண்ணீர். ஊவா மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உமா ஓயாத் திட்டத்துக்காகத் தோண்டிய சுரங்கத்துக்குள் 2014 இன் கடைசியில் நிலத்தடி நீர் பாய்ந்தபோது பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. மலைக்குள் ஓரிடத்தில் போட்ட துளை வேறோரிடத்துப் பீலியை நிறுத்திவிடும் என்பதைக் கண்ணால் கண்டோம். காட்டோடைகளிலும் அதே விதி. சிறு நீர்மின் திட்டங்கள் ஓடையைத் தடுத்துக் குழாயில் கொண்டுபோகும்போது தடுப்புக்கும் மின்நிலையத்துக்கும் இடைப்பட்ட துண்டு மெலிகிறது. வரைபடத்தில் அது சில நூறு மீற்றர். ஓடையோரத்தை விட்டு விலகாத பறவைக்கோ அது ஒரு முழுக் குடும்பத்தின் எல்லையாக இருக்கலாம்.

தோட்டங்களால் செய்யக்கூடியதும் இந்த ஓடைகளில்தான் இருக்கிறது. மலைகளுக்கு நடுவே ஓடும் பள்ளங்களின் இரு கரையிலும் தேயிலையைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து, நாட்டு மரங்களை வளர விட்டு, அந்தப் பட்டையில் மருந்தடிக்காமல் இருந்தால், முதலில் லாபம் பறவைக்கு அல்ல, பீலியில் தண்ணீர் பிடிக்கிறவர்களுக்குத்தான். மண்ணும் நிற்கும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதைப் பார்த்த மாகாணத்தில் சரிவில் வேர் இருக்க வேண்டும் என்பதற்கு ஆதாரம் கேட்கத் தேவையில்லை. கரையோரக் காட்டுப் பட்டை மேலே உள்ள பெரிய காட்டோடு தொடுத்திருந்தால்தான் அரெங்காவுக்குப் பாதை. தனித்து நிற்கும் துண்டு அழகாக இருக்கலாம், அந்தப் பறவைக்குப் பயன்படாது. இதில் செலவு கம்பனிக்குக் கொஞ்சம் கொழுந்து நட்டம், அவ்வளவுதான். பறிக்கிறவர்களின் நாட்சம்பளத்திலிருந்து அதைக் கழிக்காமல் இருந்தால் சரி.

இரண்டு பறவைகளையும் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. இலங்கைப் பறவைகளுக்கு வழிகாட்டி எழுதிய ஹென்றி கந்தப்பொளைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர், லயத்தில் பிறந்தவர் எழுதிய பறவைக் குறிப்பு ஒன்றுகூட என் அலுமாரியில் இல்லை. காலை ஆறு மணிக்கு மலையேறுகிறவர்களைவிட அதிகமாக இந்தப் பறவைகளைக் கேட்கிறவர்கள் யார்? கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து 1976 முதல் இயங்கும் களப் பறவையியல் வட்டம் பொதுமக்கள் தரும் பதிவுகளை ஏற்கிறது, கைபேசியிலேயே பதியும் வசதியும் வந்துவிட்டது.

அரெங்காவைக் காண வேண்டுமானால் ஹோட்டன் சமவெளியில் பட்டிப்பொலப் பக்கப் பாதையோரம் அரெங்காக் குளம் என்றே ஒரு சிறு நீர்த்தேக்கம் உண்டு. ஓஹியப் பக்கமாக ஏறுகிறவர்கள் பூங்காவைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும். வெளிச்சம் முழுசாக வருமுன் அங்கே இருந்தால் நல்லது, வெயில் ஏறினால் அது உள்ளே போய்விடும். கைபேசியில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடக்கூடாது. கூட்டில் இருக்கும் பறவை வேறொரு பறவை வந்துவிட்டது என்று நினைத்து முட்டையை விட்டு எழும்பி வரும். தோட்டத்துப் பக்க ஓடையில் இரைச்சலுக்கு மேலே ஊசிச் சத்தம் கேட்டால் இடம், உயரம், மணி, ஓடையில் தண்ணீர் எவ்வளவு என்ற நாலையும் எழுதி வையுங்கள். 1,500 மீற்றருக்குக் கீழே ஊவாப் பக்கம் கேட்டதென்றால் அந்த ஒரு வரிக் குறிப்புக்கு விலை அதிகம்.